காருக்குக் கீழே படுத்திருந்து சொன்னது

நேற்று மறிச்சுக்கட்டிப் பக்கமிருந்து ஒருவர் தன் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து விட்டுப் போனார். கியர்பொக்ஸின் அடி மூடியைக் கழற்றினேன். பல வருசமாக மாற்றாத எண்ணெய் கறுப்பாக, மெதுவாக வடிந்தது. அந்த மணம் உனக்குத் தெரியும். கந்தகமும் கருகிய வெங்காயமும் கலந்தது போல ஒன்று. "இந்த மணத்தோட கலியாண வீட்டுக்குப் போனால் ஒருத்தனும் எனக்குப் பக்கத்தில இருந்து சாப்பிடமாட்டான்" என்பாய். கீழே தட்டை வைத்துவிட்டு, எண்ணெய் வடிந்து முடியும்வரை மர வாங்கில் இருந்தேன். உன்னோடு கதைக்க வேண்டும் போலிருந்தது.

உன் வாப்பாவின் சிவப்புக் காரை நினைத்துக்கொண்டேன். கூரையில்லாத, தரையோடு தரையாக ஓடும், இரண்டே இருக்கைகள் கொண்ட அந்தக் கார். மலைநாட்டுத் தோட்டமொன்றில் வேலை செய்த டொக்டர் ஒருவர் வெளிநாடு போகும்போது வாப்பாவிடம் கொடுத்தது என்று சொல்வாய். உப்புக்குளத்தில் எங்கள் இரண்டு வளவுகளுக்கும் நடுவே ஒரு வேலிதான். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் வாப்பா காரை வெளியே எடுத்தால், நீயும் நானும் மற்ற இருக்கையில் நெருக்கியடித்து ஏறுவோம். கியர்த் தடி என் முழங்கால் பக்கம். அவர் இரண்டாம் கியருக்கு மாற்றும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு இடி விழும். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

எங்களுக்கு இருபது வயதாகும்போது, உங்கள் முஸ்லிம் சனம் எல்லோரும் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று இயக்கத்திடமிருந்து உத்தரவு வந்தது. கையில் கொண்டுபோகக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு கடற்கரையில் வள்ளத்துக்குக் காத்து நின்றீர்கள். புறப்படுவதற்கு முதல் நீயும் நானும் காரைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வளவில் விட்டோம். வாப்பா திறப்பை என் கையில் வைத்தார். "கொஞ்ச நாளைக்குத்தான் மகன். மழை படாமப் பாத்துக்கொள்ளு" என்றார். நான் தென்னோலைக் கிடுகால் மூடி, அதன் மேல் தார்ப் படங்கும் போட்டேன்.

மழை படாமல் பார்த்துக்கொண்டேன். வேறொன்றைச் செய்தேன்.

அடுத்த வருசம் சண்டை எங்கள் ஒழுங்கைக்கே வந்துவிட்டது. அக்காவுக்கு அப்போது வயிற்றில் எட்டு மாதம். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. அத்தானிடம் வள்ளம் இருந்தது, எஞ்சின் இல்லை. மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் படங்கை விலக்கி, எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒன்றாகவே கழற்றி வள்ளத்தில் ஏற்றி, காற்றாடித் தண்டோடு இணைத்தேன். பெற்றோல் கிடையாத காலம். கார்பரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டோம். அக்கா செபமாலையைப் பிடித்தபடி வள்ளத்தின் நடுவில் படுத்திருந்தா. எஞ்சின் இருமி இருமி எங்களை இந்தியக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இறங்கிய பின் அலை அடித்து வள்ளம் உடைந்தது. உன் வாப்பாவின் எஞ்சின் கடலோடு போனது.

அகதி முகாமில் பல வருசம் இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். கார் கிடந்த இடத்திலேயே கிடந்தது. கிடுகு மட்டும் உக்கியிருந்தது.

சண்டை முடிந்து நீயும் புத்தளத்திலிருந்து வந்தாய். தலை நரைத்து, வயிறு வைத்து, ஆனால் அதே நடை. வாப்பா புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார் என்று சொன்னாய். காரைப் பற்றி நீ கேட்கவில்லை. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பொனெட்டைத் தூக்கினால், எஞ்சின் இருந்த பள்ளத்துக்குள் எங்கள் கோழி அடைகிடந்தது.

நீ குனிந்து பார்த்தாய். "மச்சான், இது எத்தனை குதிரைச் சக்தி?" என்று கேட்டாய்.

நான் சிரித்திருக்க வேண்டும். பயத்தில், "நாங்கள் இந்தியாவில இருக்கேக்க ஆரோ கழற்றிக்கொண்டு போயிட்டாங்கள்" என்றேன். நீ கோழியை மெதுவாகத் தூக்கி வெளியே விட்டாய். உள்ளே கையை விட்டு எதையோ தடவிப் பார்த்தாய். "சரி, வேற தேடுவம்" என்றாய்.

அதன் பிறகு ஒரு வருசம் நீ தேடினாய். தெற்கே பழைய வாகனங்களை உடைக்கும் வளவொன்றில், அதே கொம்பனி செய்த குடும்பக் கார் ஒன்றின் எஞ்சினும் கியர்பொக்ஸும் கிடைத்தன. லொறியில் கொண்டுவந்து இறக்கிய நாள் மணவாளனைப் போலச் சிரித்தாய். பத்து நாள் கழுவித் துடைத்தோம். நீ பாட்டுப் பாடிக்கொண்டே வால்வு தேய்த்தாய். நீ என்னோடு எவ்வளவு அன்பாக இருந்தாயோ, அவ்வளவுக்கு என் பொய் எனக்குள் கனத்தது.

எஞ்சினையும் கியர்பொக்ஸையும் பொருத்துவதற்கே ஒரு காலை முழுக்கப் போனது. கியர்பொக்ஸின் தண்டு கிளச் தட்டின் பற்களுக்குள் போக மறுத்தது. நான் பலத்தைக் கொடுத்துத் தள்ளினேன். "பொறு, இடிக்காதை. அதுக்கும் வழி விடவேணும்" என்று சொல்லி, முன்பக்கம் ஸ்பானரைப் போட்டு எஞ்சினை ஒரு முடி அளவு திருப்பினாய். சளக்கென்று உள்ளே போய் உட்கார்ந்தது.

பின்னேரம் மூன்று இரும்புக் குழாய்களை முக்காலிபோல் நட்டு, செயின் புளொக் என்ற சங்கிலிக் கப்பியில் இரண்டையும் ஒன்றாகத் தூக்கினோம். கியர்பொக்ஸின் வால்தான் முதலில் இறங்க வேண்டும், சாய்த்துச் சாய்த்து. நீ மேலே சங்கிலியோடு. நான் காருக்குக் கீழே படுத்து, இறங்கிவரும் வாலைப் பிடித்து இருக்கைகளுக்கு நடுவேயுள்ள பள்ளத்துக்குள் வழிகாட்டினேன். அங்கிருந்து உன் கால்கள் மட்டும் தெரிந்தன. முகம் தெரியவில்லை. அதனால்தான் என்னால் சொல்ல முடிந்தது.

"டேய், எஞ்சினைக் கழற்றினது நான்தான்."

சங்கிலிச் சத்தம் நின்றது. அக்காவின் நிலைமை, வள்ளம், அலை எல்லாவற்றையும் அந்தக் கியர்பொக்ஸைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றாய்.

"எப்பிடி?"

"கோழியைத் தூக்கின அண்டைக்கே. கழற்றின நட்டெல்லாம் அந்தந்த போல்டிலேயே திருப்பிப் பூட்டிக் கிடந்தது. வயர் ஒவ்வொண்டுக்கும் நிறத்துணி கட்டியிருந்தது. களவெடுக்கிறவன் அப்பிடியோ கழற்றுவான்? திருப்பி வைக்க நினைச்சவன்தான் அப்பிடிக் கழற்றுவான்."

"ஏன்ரா கேக்கேல்லை?"

"நீ சொல்லுவாய் எண்டு இருந்தனான்." பிறகு, "எல்லாரும் கரை சேந்தியளோ?" என்று கேட்டாய்.

"ஓம்."

"அக்காவுக்கு என்ன பிள்ளை?"

"பெட்டைப் பிள்ளை. இப்ப வங்காலையில படிப்பிக்கிறாள்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாய். "வாப்பா இருந்திருந்தா, மண்ணெண்ணெயில எப்பிடி இழுத்தது எண்டுதான் முதல்ல கேட்டிருப்பார். சரி, வாலைத் தூக்கிப் பிடி. இறக்கிறன்."

நான் பிடித்தேன். கண்ணில் வந்ததைத் துடைக்கக் கையில்லை. அது வழிந்து காதுக்குள் போனது.

இரண்டு நாள் கழித்துக் கார் உயிர் பெற்றது. முதல் ஓட்டத்துக்கு நான் பக்கத்து இருக்கையில் ஏறப் போனேன். நீ கையை நீட்டித் தடுத்தாய். "ரெண்டு சீற்தான். நீ நில்லு. அவள் வரட்டும்" என்றாய். அக்காவின் மகளை வங்காலையிலிருந்து நீயே தொலைபேசியில் வரச்சொல்லியிருந்தாய். அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு, ஏன் தன்னைக் கூப்பிட்டார்கள் என்று புரியாமல் வெட்கத்தோடு ஏறினாள். ஒழுங்கை முனையில் கழுதைகள் வழி மறித்து நின்றன. ஹோர்ன் வேலை செய்யவில்லை. நீ எழுந்து நின்று கைதட்டி அவற்றைக் கலைத்தாய். பிறகு பாலத்துப் பக்கம் திரும்பிப் போய்விட்டீர்கள். சத்தம் கேட்காமல் போகும்வரை நான் வீதியில் நின்றேன்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருசம் அதே வளவில், ஒரே மேசையில் சேர்ந்து வாகனம் திருத்தினோம். போன வருசம் மகளைப் பார்க்கப் புத்தளம் போன இடத்தில் உனக்கு நெஞ்சு வலித்தது. செய்தி கிடைத்த உடனேயே பஸ் ஏறினேன். நான் போய்ச் சேரும்போது உன்னை அடக்கிவிட்டார்கள். ஈரம் காயாத மண்ணுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். காரை உன் மகள்தான் ஓட்டுகிறாள். நன்றாகவே ஓட்டுகிறாள்.

போன மாதம்தான் அக்காவின் மகள் அந்த முதல் ஓட்டத்தைப் பற்றிச் சொன்னாள். "பாலம் வரைக்கும் அவர் ஒண்டும் கதைக்கேல்லை மாமா. திரும்பி வரேக்கதான், 'உன்ர மாமா வடிவாக் கழற்றுவான், பூட்டத்தான் பக்கத்தில நான் வேணும்' எண்டு சொன்னவர்" என்றாள்.

நீ சொன்னது சரி. இன்று அந்த உழவு இயந்திரத்தின் கியர்பொக்ஸைப் பூட்டத் தொடங்கினேன். நீ எப்போதும் நிற்கும் வலது பக்கமாக ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டுத்தான் நிற்கிறேன். உதவிக்கு வருபவர்கள் அதில் வந்து நின்றால், கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்கிறேன்.