நான்கு நாளுக்கு ஒரு சட்டை

பரணைச் சுத்தம் செய்தபோது உங்கள் காக்கிப் பை கைக்கு வந்தது. உள்ளே ஒன்றுமில்லை, பஞ்சர் சொல்யூஷன் வாசனை மட்டும். இந்தப் பையால் நான் பட்ட பாடு உங்களுக்கு முழுதாகத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். எண்பத்தாறோ ஏழோ. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து, ஃபேக்டரி சிநேகிதர்களோடு சைக்கிளில் ஊர் சுற்றக் கிளம்பினீர்கள். முதலில் திருத்தணிக்கு. மூன்று சட்டை, இரண்டு வேட்டி, தலையணை, தூக்கில் புளிச்சோறு, எல்லாம் நான்தான் கட்டிக் கொடுத்தேன். திருநின்றவூர் தாண்டுமுன்பே கேரியர் வளைந்துவிட்டதாம்.

"ஊட்டையே கட்டிக் குடுத்துட்டியேடி" என்று திரும்பி வந்து சிரித்தீர்கள்.

அடுத்த முறை பை பாதியானது. அதற்கடுத்துப் பாண்டிச்சேரி, நான்கு நாள். பையில் ஒரு லுங்கி, ஒரு துண்டு, பஞ்சர் சாமான். உடம்பில் இருந்ததுதான் சட்டை.

"மாத்துச் சட்டை எங்கங்க?"

"கனம் கொறைஞ்சா காலு நோவாது."

படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் எனக்குக் கணக்குத் தப்பாது. நான்கு நாளுக்கு ஒரு சட்டை எப்படிப் போதும்? பக்கத்து வீட்டு அக்கா வேறு குழாயடியில் சொன்னாள்: "துணியில்லாம ஆம்பள கெளம்புறான்னா, போற எடத்துல அவன் துணி காய ஒரு கொடி கீதுடி."

வெள்ளைவெளேரென்ற சட்டையோடு திரும்பினீர்கள். வீட்டில் அழுக்குப் பனியனை வாளியில்கூடப் போடாத மனிதர்! போகும்போது தொங்கிக்கொண்டிருந்த மேல் பொத்தான், கறுப்பு நூலில் இறுகத் தைத்திருந்தது.

இரண்டு நாள் அந்தச் சட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அந்தப் பொத்தானைப் பிய்த்து, ஊசி நூலோடு உங்கள் முன்னால் வைத்தேன்.

"யார் தெச்சது?"

"நான்தான்."

"அப்ப இன்னொரு வாட்டி தெய்ங்க, பார்க்கலாம்."

என் குடித்தனமே அந்த ஊசிக் காதில் நின்றது. நூலை நாக்கில் நனைத்து, ஒரே தடவையில் கோத்து, குறுக்கும் மறுக்குமாகத் தைத்தீர்கள். பொத்தானுக்கு அடியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்தீர்கள்.

"தொவைச்சதும் நான்தான். போதுமா?"

உயிர் வந்தது. கூடவே கோபமும். "பன்னெண்டு வருஷமா இந்தக் கை எங்க போச்சு?" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் உங்கள் துணியை நீங்களே துவைத்தீர்கள். அக்கா பார்க்கட்டும் என்றுதான் குழாயடிக்கே அனுப்பினேன்.

ஆனால் அந்த மூன்று சுற்று? அது எனக்கே தெரியாத வேலை. யார் சொல்லிக் கொடுத்தது என்ற கேள்வி எத்தனையோ வருடம் நாக்கு நுனிவரை வந்தது. பதில் சொல்லிவிடுவீர்களோ என்றுதான் கேட்கவில்லை.

இப்போது பேரன் சட்டைக்கு நானும் அப்படித்தான் சுற்றித் தைக்கிறேன். அறுவதே இல்லை. எவளோ, நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.