தெருமுனை இல்லாத ஊர்

பிரசீலியா,
ஆகஸ்ட் 1962

அன்புள்ள நிவால்டோவுக்கு,

ஜாந்திரா எழுதுகிறேன். நானும் குழந்தை லெனிரும் உடம்பளவில் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கும் குறைவிருக்காது. கார்னிவலுக்கு நாலு நாள் போய்விட்டு வருகிறேன் என்று ரியோவுக்குப் பஸ் ஏறியவன் ஆறு மாதமாகத் திரும்பவில்லை என்றால், அந்த ஊர்த் தண்ணீர் நன்றாக ஒத்துக்கொண்டது என்றுதானே அர்த்தம்?

உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. பழைய சவரக்கடையில் உன் நாற்காலியையே மறுபடி கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். கடைசி வரியில், போகிற போக்கில் சொல்வது போல, கவாக்கின்யோவை யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தாய். அந்த நாலு தந்தி வாத்தியத்தைக் கார்னிவலுக்குக்கூட எடுத்துப் போகாமல் வைத்துவிட்டுப் போனாய். நான் அதை அடமானம் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். அது இங்கே இருக்கிற வரைக்கும் நீ வந்துதான் ஆக வேண்டும் என்று. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அலுவலகக் கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன்.

இங்கே மழை நின்று மூன்று மாதமாகிறது. செம்மண் தூசி ஜன்னல் இடுக்கில் புகுந்து வெள்ளைத் துணியையெல்லாம் செங்கல் நிறமாக்குகிறது. சாயங்கால வெயில் கண்ணாடிச் சுவர் முழுக்க அடிக்கிறது. ரொட்டிக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த பன் போல நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். எதிர் வீட்டு ஸுல்மிரா நேற்று வந்து, "இதெல்லாம் ஒரு ஊராடி? ஆபீஸ் மேசை மேல வைக்கிற பொம்மை ஊரு. பெரிய மனுசங்க வந்தா தூசி தட்டிக் காட்டுவாங்க. மனுசங்க இருக்கலாமான்னு எவன் யோசிச்சான்?" என்று புலம்பிவிட்டுப் போனாள். நீ இருந்திருந்தால் அவளுக்குத் தாளம் போட்டிருப்பாய்.

என் ஆபீஸை இந்தப் புதுத் தலைநகருக்கு மாற்றியதால் என்னோடு வந்து நீ இங்கே பட்ட பாடு எனக்கு மறக்கவில்லை. அச்சில் வார்த்த மாதிரி நிற்கும் கட்டடங்களில் ஒரு நாள் வழி தவறி, அடுத்த கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குப் போய்ச் சாவியைப் போட்டுத் திருகினாயே. கதவைத் திறந்த அம்மாள் அசரவே இல்லை. "தினம் ஒருத்தராச்சும் இப்படி வந்துடுறாங்க, காபி குடிச்சிட்டுப் போங்க" என்றாளாம். வயிறு வலிக்கச் சிரித்தோம். நீதான் சிரிப்பைச் சட்டென்று நிறுத்திவிட்டாய். "ஜாந்திரா, ரியோல நம்ம கத்தும்பில கண்ணைக் கட்டிவிட்டாக்கூட நம்ம வீட்டுக்கு வந்துடுவேன். ரொட்டி வாசனை, செருப்புக்காரன் சுத்தியல், முனைக்கடைச் சண்டை, இதுங்களே கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துடும். இங்க நான் இருமினா, வேற எவனோ இருமுற மாதிரி கேக்குது" என்றாய். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, நீ இங்கே நிலைக்க மாட்டாய் என்று. நின்று பேச இந்த ஊரில் தெருமுனை கிடையாது. தெருமுனை இல்லாத ஊரில் நீ என்ன செய்வாய், பாவம்!

இந்த ஊரை வரைந்தவர்கள் கண்ணை மட்டும் வைத்து வரைந்துவிட்டார்கள். மனிதனுக்குக் காது என்று ஒன்று இருப்பது அவர்கள் நினைப்பில் இல்லை. அதனால்தான் உனக்கு இது சிறை. காது கேட்காத நம் பெண்ணுக்கு இதுதான் சொர்க்கம். இதை நான் எந்தச் சாமியிடம் போய் முறையிடுவது?

கத்தும்பியில் அவள் வளர்ந்ததை நினைத்துப் பார். முனையைத் திரும்பி டிராம் வந்தது. மணி அடித்தது, தெருவே அலறியது. அவள் மட்டும் தண்டவாளத்தில் உட்கார்ந்து கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பாதி மழித்த ஆளை விட்டுவிட்டு நீ கத்தியும் கையுமாக ஓடிப்போய்த் தூக்கினாய். அதற்குப் பிறகு அவளை வாசல் தாண்ட விட்டோமா? உனக்கு நண்பர்கள் நிற்கிற இடம் தெருமுனை. அவளுக்கு, எது எப்போது பாயும் என்று தெரியாத இடம்.

இங்கே கட்டடமெல்லாம் தூண் மேல் நிற்கிறது. அடியில் சுவர் இல்லை, வாசல் கேட் இல்லை. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்துப் புல்வெளி தெரிகிறது. வருகிறவர் யாரானாலும் தூரத்திலேயே அவள் பார்த்துவிடுகிறாள். போன வாரம் ஜன்னலில் நின்று, சாப்பிட வா என்று கையை வீசினேன். அங்கிருந்தே இடுப்பில் கை வைத்துத் தலையாட்டினாள், வரமாட்டாளாம்! முன்பெல்லாம் தோளைத் தொட்டால்தான் நான் கூப்பிடுவது தெரியும். இப்போது என்னை எதிர்த்துப் பேசுகிறாள். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் பீன்ஸ் தீய்ந்துவிட்டது.

ஜூலை விடுமுறையில் அவளை அங்கே கூட்டி வந்தபோது நீயும்தானே பார்த்தாய். வாசற்படியில் என் பாவாடையைப் பிடித்தவள் விடவே இல்லை. முனையில் ஒரு லாரி திரும்பியதும் நின்ற இடத்திலேயே நனைத்துக்கொண்டாள். ஆறு வயதுப் பெண். நீ துணியைக் கொண்டு வந்து தரையைத் துடைத்தாய். பஸ் நிலையத்தில், "நீ இங்க மாத்தல் கேக்க வேணாம். விடு, ஜாந்திரா" என்று மட்டும் சொன்னாய். ரியோவுக்கு மாற்றல் கேட்டுத் தட்டச்சு செய்து வைத்திருந்த மனுவை, நீ சொன்னபடியே, ஊர் வந்ததும் கிழித்துப் போட்டேன். நீ கெட்டவனாக இருந்திருந்தால் உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய்.

கவாக்கின்யோவைக் கொடுத்துவிட்டேன். ஸுல்மிராவின் கணவர் வருகிற வியாழக்கிழமை ரியோவுக்கு வருகிறார், அவரிடமே வாங்கிக்கொள். நீ வாசிக்கும்போது லெனிர் அதன் மரத்தில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்பாளே, அந்த இடத்தில் மெருகு போயிருக்கிறது. அதை யாரிடமும் கொடுத்து மெருகு போட வேண்டாம். அவள் தூங்கும்போதுதான் எடுத்துக் கொடுத்தேன். எழுந்ததும் கட்டிலுக்கு அடியில், அலமாரியில், குளியலறையில் தேடினாள். பிறகு என்னிடம் வந்து, இல்லாத மீசையைத் தடவிக் காட்டினாள். அப்பா எங்கே என்று.

சொல்லிவிடலாம் என்றுதான் நானும் உட்கார்ந்தேன். மீசையைத் தடவினேன், கையை விரித்து இல்லை என்றேன். நம் வீட்டில் நாமாகச் செய்துகொண்ட சைகைகளில் இன்றைக்கு வரமாட்டார் என்பதற்கும் இனி வரவே மாட்டார் என்பதற்கும் இது ஒன்றுதான் இருக்கிறது. அவள் தலையாட்டிவிட்டு, கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடி, திறந்து, என்னைப் பார்த்தாள். தூங்கி எழுந்தால் வந்துவிடுவாரா என்கிறாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். வேறு என்ன செய்வேன்? அன்றிலிருந்து தினமும் சீக்கிரம் தூங்கப் போகிறாள்.

உன்னைக் குடியிருக்கக் கூப்பிடவில்லை. இந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கவும் வேண்டாம். ஒரே ஒரு முறை வந்து, அவள் முன்னால் உட்கார்ந்து, இனி வரமாட்டேன் என்பதை நீயே உன் கையால் சொல்லிவிட்டுப் போ. டெலிபோனில் சொல்லக்கூடிய விஷயமா அவளுக்கு? அதற்கு எது சைகை என்று எனக்குத் தெரியவில்லை, நிவால்டோ. வழியில் யோசித்துக்கொண்டு வா.

கடவுள் உன்னைப் பத்திரமாக வைக்கட்டும்.

இன்னமும் உன்னுடையவளான,
ஜாந்திரா