டாலன் கடையில் ஆயுள் தடை

டப்ளின்,
நவம்பர், சனிக்கிழமை.

அன்புள்ள லோர்கன் அண்ணாவுக்கு,

தங்கை டெர்வ்லா எழுதுகிறேன். பெர்த்தில் வெயில் ஆரம்பித்திருக்கும். சுரங்கத்தில் தண்ணீர் குடிக்க விடுகிறார்களா? போனில் பேசினால் அப்பா பெயர் வந்ததும் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். இதை நடுவில் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம். ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

டாலன் பப்பை விற்றுவிட்டார்கள். இளவேனிலில் கடைக்காரர் ஜெம்ஸர் டாலன் இறந்தார். கோடை முடிவதற்குள் ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. லண்டனா, நெதர்லாந்தா, யாருக்கும் தெரியாது. கடை பழமையானது, எதையும் மாற்றக்கூடாது என்று மாநகராட்சி உத்தரவு. மதுமேசை, அலமாரி, பூ செதுக்கிய கண்ணாடிக் கதவு, பெண்கள் தனியே உட்காரும் அந்தச் சின்ன அறை, எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும். பெயின்ட் வேலை எனக்குக் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. வாடகை அப்படி.

கூரையைக் கழுவினோம். உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புப் பூவேலை. நூறு வருஷமாக யாரும் பார்த்திராத அழகு. கட்டடக் கலைஞர் அம்மாள் வந்து பார்த்தார், முகம் தொங்கிவிட்டது. கடையின் குணமே போய்விட்டதாம். சிகரெட் புகை படிந்த பழைய மஞ்சள்தான் வேண்டுமாம். பிறகு என்ன? பழுப்பையும் மஞ்சளையும் வார்னிஷில் கலந்து, ஏணியில் மல்லாந்து, துணியால் தட்டித் தட்டி நான் புகையை வரைந்தேன். மேஸ்திரி காஸ்டெல்லோ கீழே நின்றுகொண்டு, "ஏம்மா, அந்த மூலையில கேன்சர் பத்தல, இன்னொரு கை போடு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அந்த மூலையில் உட்கார்ந்து புகைத்தவர்கள் யார் யார், எந்த ஆஸ்பத்திரியில் முடிந்தார்கள் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

அப்பாவின் கூட்டாளி நோபி இப்போது இங்கே இல்லை. அவர் இருந்த வீட்டை மாணவர் விடுதி கட்ட இடித்தார்கள். முப்பது வருஷம் வாடகை கொடுத்தவரை பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகிற இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். டாலன் கடையில் அவர் உட்கார்ந்த முக்காலியை மட்டும் அசையாமல் வைக்கச் சொல்லி எங்களுக்கு எழுத்தில் கட்டளை. முக்காலியின் கால் ஆடுகிறது என்றேன். ஆட்டம் அசல், தொடாதே என்றார்கள்.

இனி அப்பா விஷயம். தயவுசெய்து தொடர்ந்து படி.

அம்மாவைப் புதைத்த அன்று டாலன் கடையில் நடந்ததை நாம் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. அம்மா உயிர் போகும்போது இந்தக் கடையில்தானே நின்றுகொண்டிருந்தாய் என்று எல்லோர் முன்னாலும் நீ அப்பாவைக் கேட்டாய். நீ கேட்டது பொய்யில்லை. அவர் எறிந்த கிளாஸ் உன் காதை உரசிப் போய் மதுமேசைக்குப் பின்னாலிருந்த பெரிய கண்ணாடியில் பட்டு அதில் விரிசல் விழுந்தது. நீ அந்த வாரமே விமானம் ஏறிவிட்டாய். ஜெம்ஸர் அப்பாவிடம், "கிறிஸ்டி, பெத்த புள்ள மேல கை ஓங்குறவனுக்கு இங்க ஊத்த மாட்டேன். ஆயுசுக்கும் உனக்கு இந்தக் கடை கிடையாது" என்றார். ஒன்பது வருஷம் ஆகிறது.

அன்றிலிருந்து அவர் எந்தக் கடையிலும் கால் வைக்கவில்லை. இந்தத் தெருவிலேயே இன்னும் மூன்று பப் இருக்கிறது, தாராளமாக ஊற்றிக் கொடுப்பார்கள். கேட்டால், "நம்ம கடை இருக்கையில அடுத்தவன் கடையில போய் நிக்கறதா? எனக்கென்ன ஊர் பேர் இல்லையா?" என்பார். அவருடைய கூட்டாளிகள் அத்தனை பேரும் டாலன் கடைக்குள்ளே. சாயங்காலமானால் எதிர்ப்பக்கம் குதிரைப் பந்தயக் கடைச் சுவரில் சாய்ந்து நிற்பார். அவர்கள் உள்ளே போகும்போது ஒரு தலையாட்டல், வெளியே வரும்போது ஒரு தலையாட்டல். அதுதான் அவருக்கு மனிதர்களோடு இருந்த உறவு. அவர்களும் ஒவ்வொருவராகச் செத்தார்கள், அல்லது வாடகை துரத்திவிட்டது. கடை மூடியிருந்த இந்த மாதங்களிலும் அவர் போய் நின்றார். பலகை அடித்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. நான் ஏணியிலிருந்து இறங்கி வெளியே வந்தால் பந்தயப் பலகையைப் படிப்பதுபோல் திரும்பிக்கொள்வார்.

திறப்பு விழாவுக்கு வேலை செய்தவர்கள் வீட்டில் ஒருவரைக் கூட்டிவரலாம் என்றார்கள். அப்பாவிடம் சொன்னேன். "எனக்குத் தடை இருக்கு" என்றார். தடை போட்டவர் செத்துப்போனார் என்றேன். "போட்டவர் எடுக்கணும். எடுக்காம செத்துட்டார். அப்ப அது நிக்குது" என்றார். இந்த மனிதரோடு நான் தினமும் சாப்பிடுகிறேன், அண்ணா.

ஜெம்ஸரின் மனைவி ஃபிலோ அம்மாவைத் தேடிப் போனேன். மகள் வீட்டில் இருக்கிறார். கால் வராது, வாய் அப்படியே இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "அடியே, உங்கப்பன் வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேப்பான்னு எங்க வீட்டுக்காரர் ஒன்பது வருஷம் வாசலைப் பாத்தாரு. இவரு கூப்பிடுவாருன்னு உங்கப்பன் எதிர்ல நின்னு பாத்தான். நடுவுல ஒரு ரோடு! ரெண்டு கழுதைங்களுக்கும் தாண்டத் தெரியல." பிறகு இன்னொன்றும் சொன்னார். "லைசன்ஸ் என் பேர்லதான்டி இருந்துச்சு. அது எங்கப்பன் கடை, பலகையில பேருதான் இவரோடது. எங்க வீட்டுக்காரர் போட்ட தடை சட்டப்படி செல்லவே செல்லாது. இருந்தாலும் போட்டது போட்டதுதான். நான் எடுக்கறேன்."

அன்றே வீட்டுக்குப் போன் செய்தார். அப்பா எழுந்து நின்று பேசினார். "சரி ஃபிலோ. சரி ஃபிலோ. ஆகட்டும் ஃபிலோ." போனை வைத்தார். தன் கோப்பையைக் கழுவினார். பிறகு ஷூ பாலிஷ் எங்கே என்று கேட்டார்.

நேற்று மாலை திறந்தார்கள். அம்மாவின் அடக்கத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். தோள் தொங்கியது, அவ்வளவு இளைத்துவிட்டார். எதிர்ச் சுவரருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தெருவைத் தாண்டினார். கதவைத் திறந்து நான் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். "அப்படியே இருக்கு" என்றார். அது நான் வரைந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லாம் அப்படியேதான் இருந்தது, அண்ணா. பழைய ஆள்தான் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் இருபது முப்பது வயது, ஒரே மாதிரி சட்டை. நோபியின் முக்காலியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அப்பா மதுமேசையின் கோடியில், தன் பழைய இடத்தில் போய் முழங்கையை ஊன்றினார். அந்த ஒரு நிமிஷம் அவர் முகம் எனக்குப் போதும் என்று நினைத்தேன்.

மேனேஜர் வந்தான். சின்னப் பையன், தப்புச் சொல்ல முடியாது. கையில் டேப்லெட். "சார், உங்க பேர்ல டேபிள் புக் பண்ணியிருக்கா? இங்க நிக்க அனுமதி இல்ல" என்றான். "உக்காரவா பப்புக்கு வருவாங்க?" என்றார் அப்பா. நான் குறுக்கே போய் சமாளிப்பதற்குள் பக்கத்தில் ஒருத்தி விருந்தினர்களுக்குக் கண்ணாடியைக் காட்டி விளக்கத் தொடங்கினாள். அந்த விரிசல், ஆங்கிலேயரை எதிர்த்த 1916 ஈஸ்டர் எழுச்சியின்போது பாய்ந்த துப்பாக்கிக் குண்டாம். காஸ்டெல்லோ விளையாட்டாகச் சொன்னதைக் கட்டடக் கலைஞர் அம்மாள் எழுதிக்கொண்டு போனார்; இப்போது அதன் கீழே பித்தளைப் பலகையே அடித்திருக்கிறார்கள். ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள்.

அப்பா திரும்பினார். உரக்கக்கூடப் பேசவில்லை. "அது குண்டு இல்லம்மா. நான் எறிஞ்ச கிளாஸ். பொண்டாட்டியப் பொதச்ச அன்னிக்கு. என் மகன் மேல எறிஞ்சேன். அவன் உண்மையத்தான் கேட்டான். குறி தப்பிச்சு, ஆண்டவன் காப்பாத்தினான்."

போட்டோ எடுத்தவர்கள் போனை இறக்கினார்கள். பிறகு கை தட்டினார்கள். ஆமாம், கை தட்டினார்கள். நாடகம் என்று நினைத்தார்கள் போல. மேனேஜர் பையனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "சார், பிரமாதம்! வெள்ளிக்கிழமைதோறும் வந்து இத மாதிரி கதை சொல்றீங்களா? குடிக்கிறது எங்க செலவு" என்றான். எனக்கு அவன் டேப்லெட்டைப் பிடுங்கி அதே கண்ணாடியில் அடிக்கத் தோன்றியது.

அப்பா கோட்டுப் பொத்தானைப் போட்டார். "மன்னிச்சுக்க தம்பி. எனக்கு இந்தக் கடையில தடை. ஆயுசுக்கும்" என்றார். வெளியே போய்விட்டார். ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.

ஓடிப்போய்ப் பிடித்தேன். சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம். வழியில் அந்தச் சுவரருகே அவர் நிற்கவில்லை. இனி அங்கே போக மாட்டார் என்று நினைக்கிறேன். எங்கே போவார் என்றும் தெரியவில்லை. கோட்டைக் கழற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். சூப் வைத்தேன், ஆறிப்போனது. ரொம்ப நேரம் கழித்து, "பெர்த்துல இப்ப மணி என்ன இருக்கும்?" என்றார். விடியற்காலை மூன்று என்றேன். "அப்ப தூங்குவான்" என்றார்.

லோர்கன் அண்ணா, நீ மறக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நானாக இருந்தாலும் மறக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து பதினொரு மணிக்கு வீட்டில்தான் இருப்பார். நான் வேண்டுமென்றே வெளியே போய்விடுகிறேன். வீட்டு நம்பர் மாறவில்லை. எடுத்ததும் "யாரு?" என்று அதட்டுவார். உன் குரல் கேட்டதும் சத்தமே இருக்காது. லைன் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் வைத்திருக்க மாட்டார். நீயும் வைத்துவிடாதே.

அந்தச் சுரங்கத்துக்குள் இறக்குகிற ஆண்டவன் ஒவ்வொரு நாளும் உன்னைப் பத்திரமாக மேலே ஏற்றிவிடட்டும்.

உன் தங்கை,
டெர்வ்லா