புகைக்குழாயில் செத்த எலி

12.8.2004, வியாழன்

மெஸ்ஸில் விறகடுப்பு இரண்டு நாளாகப் புகைந்துகொண்டே இருந்தது. இன்று மதியம் அடுப்பு ஆறியதும், மூங்கில் கழியில் தேங்காய் நாரைக் கட்டிப் புகைக்குழாயைக் குடைந்தேன். கரியோடு பாதி வெந்த எலி ஒன்று என் காலில் விழுந்தது.

கூடச் சமைக்கும் கஸ்தூரி அக்கா, "இத்த உள்ள வச்சிக்கினா சோறு ஆக்கினோம்?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "எரிஞ்சா எல்லாம் சாம்பல்தான். கம்பெனி ஆளுங்க சாப்பிட வர்ற நேரம், பத்த வை."

"கழுவாம பத்த வைக்க மாட்டேன்" என்றேன்.

"அப்ப நாளைக்கி வராத."

குழாயைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி மாட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். கை இன்னும் நாறுகிறது. சோறு இறங்கவில்லை.

அந்த ஆளுக்குத் தினமும் வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கேரியர் வருவது இப்போதுதான் உறைக்கிறது.