ஏழு பேருக்காக ஊதியவனுக்கு

நண்பா,

இன்று காலை என் கறுப்புக் கோட்டை வெயிலில் போடலாம் என்று பெட்டியிலிருந்து எடுத்தேன். ஏழு வருஷமாக அதற்கு வேலை இல்லை. கரப்பான்கள்தான் குடும்பத்தோடு அணிந்துகொண்டிருந்தன. அவற்றைத் தட்டிவிட்டு இடது பையில் கையை விட்டால், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு மரத்துண்டு. நடுவில் துளை. ஒரு முனையில் பல் பதிந்த தடம். இது எப்படி என் பைக்குள் வந்தது என்று புரியாமல் மூக்கருகே கொண்டுபோனேன். வெல்ல வாசனை.

உடனே தெரிந்துவிட்டது. ஏழு வருஷம் முன்பு மில்லில் டாக்டர் மேஜைக்கடியில் தேடிய வாய்க்கட்டை இதுதான். நானும் அவரோடு மண்டிபோட்டு அரைமணி நேரம் தேடினேன். அதை என் பையில் போட்டுவிட்டு நீ வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாய். போன வருஷம் மழைக்காலத்தில் உன்னைப் புதைத்தோம். இன்றைக்குத்தான் உன் கடைசிக் குறும்பு எனக்குக் கிடைத்தது. சிரிக்கத்தான் போனேன், சிரிப்பு வரவில்லை.

கோட்டை எதற்கு எடுத்தேன் என்று சொல்லவில்லையே. மில்லுக்கு மறுபடியும் ஆய்வு வருகிறது. தொழிலாளிகளின் உடம்பு எப்படி இருக்கிறது, அவர்களுக்கு வைத்தியம் சரியாகக் கிடைக்கிறதா என்று பார்க்க மெட்ராசிலிருந்து ஒரு டாக்டர் வருகிறார். பழைய பிரெஞ்சுத் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். அவற்றைப் படிக்கத் தெரிந்த அருங்காட்சியகப் பொருளாக சுகாதார இலாகாவில் நான் ஒருத்தன் மிச்சம். பிரெஞ்சுக்காரன் போய் எட்டு வருஷம் கழித்து, காகிதத்திலும் நாம் இந்தியர்களாகப் போகிற இந்த நேரத்தில் என் பிரெஞ்சுக்கு வந்த கடைசி மரியாதை இது. நாளை மறுநாள், திங்கட்கிழமை, கார்டிங் பகுதியில் ஆரம்பம்.

பஞ்சைச் சிக்கெடுக்கும் அந்தக் கார்டிங் பகுதிக்குள் முதல்முறை போனபோது எனக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. கூரையிலிருந்து பஞ்சுத்தூசி இறங்கிக்கொண்டே இருந்தது. இருபது வயதுக்காரனுக்கும் தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. "என்னா இது, எல்லாரும் மாமனாரு மாதிரி நிக்கிறானுங்க" என்று உன்னிடம் சொன்னேன். நீ துணி மடிக்கும் பகுதியில் இருந்தாய். அங்கே தூசி கிடையாது. தூசியில் நிற்பவர்கள் வேலைக்கு இறங்கும் முன் ஒரு துண்டு வெல்லத்தை வாயில் அதக்கிக்கொள்வார்கள். தொண்டையில் சேர்வதை வெல்லம் வயிற்றுக்கு இறக்கிவிடும் என்பது அவர்கள் வைத்தியம். நெஞ்சுக்குள் சேர்வதற்கு அவர்களிடம் வைத்தியம் இல்லை, பெயர்தான் இருந்தது.

'விருந்தாளி' என்பார்கள். ஞாயிறு விடுமுறை கழிந்து திங்கட்கிழமை உள்ளே போனால், மார்பின்மேல் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். செவ்வாயன்று அவன் கொஞ்சம் நகர்ந்து உட்காருவான். சனிக்கிழமைக்குள் போய்விடுவான். அடுத்த திங்கட்கிழமை திரும்ப வருவான். வருஷம் போகப்போக விருந்தாளி புதன், வியாழன் என்று தங்க ஆரம்பிப்பான். வாரம் முழுக்கத் தங்கிவிட்டால் அப்புறம் வீட்டுக்காரன் வேலைக்கு வருவதில்லை.

கொடி மாறின மறுவருஷம் அந்த பிரெஞ்சுக்கார டாக்டர் வந்தது இந்த விருந்தாளியைப் பிடிக்கத்தான். அதனால்தான் திங்கட்கிழமையாகப் பார்த்து வந்தார். அவர் கொண்டுவந்த கருவி உனக்கு நினைவிருக்கும்: தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்த தகரக் குடுவை, அதற்கு ஒரு ரப்பர் குழாய், குழாயின் முனையில் இந்த மரக்கட்டை. கட்டையை வாயில் வைத்து ஊதினால் குடுவை எழும்பும், பக்கத்திலிருக்கும் முள் ஏறும். கேள்வித்தாளைத் தமிழாக்குவதும் பெயர் கூப்பிடுவதும் முள் காட்டுவதை எழுதுவதும் என் வேலை. கேள்விகளை மட்டும் தமிழாக்கினேன். கடைசித் தாளில் கேள்வி எதுவும் இல்லை, ஏதோ நீளமாக எழுதியிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று வைத்தேன். என் சாப்பாடு எப்போதும் நீண்டது என்பது உனக்குத் தெரியும்.

அந்த ஆய்வுக்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, உப்பளத்து டீக்கடையில் கூட்டம். என் மூளை சும்மா இருந்தாலும் வாய் இருக்காது.

"என்னா முசியே, எதுக்கு இந்த ஊதற மிஷினு?" என்று கேட்டதே நீதான். என் பிரெஞ்சுக்காக ஊர் எனக்கு வைத்த பட்டம் 'முசியே'.

"தெரியாதா? முள்ளு பாதிக்கு மேல ஏறலன்னா அங்கயே சீட்டக் கிழிச்சி கையில குடுத்துடுவாங்க. ஊதத் தெரியாதவனுக்கு மில்லுல என்னா வேல?"

கடை முழுக்கச் சிரித்தது. நீ டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தாய். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. உன் எதிர்வீட்டுக்காரன், கார்டிங்கில் பதினோரு வருஷம் நின்றவன். கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். நான் கடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் என் ஜோக் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. "ஊதாதவங்களுக்கெல்லாம் வேல போவுதாமே, நெசமா?" என்று என் சம்சாரம் கேட்டாள். யார் சொன்னது என்றேன். "ஊரே சொல்லுது" என்றாள். பெருமையாக இருந்தது எனக்கு. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் என்னை நிறுத்தினாய். பாண்டு செட்டில் நீ ஊதும் பெரிய பித்தளைக் குழல் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"முசியே, நாளைக்கி கார்டிங்ல மூச்சு வராத ஏழு பேரு நாந்தான். நீ பேரக் கூப்புடு. மூஞ்சியப் பாக்காத."

"டேய், அந்த டாக்டரு குருடா?"

"அவுரு முள்ளத்தான் பாப்பாரு. பஞ்ச அப்பிக்கிட்டா எங்க எல்லாருக்கும் ஒரே மூஞ்சி."

அது அப்படியே நடந்தது. முதலில் ஏழுமலை என்று கூப்பிட்டேன். தலையில் பஞ்சோடு நீ வந்தாய், ஊதினாய், முள் ஏறியது. அடுத்த பெயருக்குத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு வந்தாய். அதற்கடுத்தவனுக்குக் கால் நொண்டியது. வாத்தியக்காரன் அல்லவா, ஏழு பேருக்கும் ஒரே மூச்சாக இருக்கக் கூடாது என்று ஒவ்வொருவனுக்கும் கொஞ்சம் கூட்டிக் குறைத்து ஊதினாய். கார்டிங்காரன் என்றால் வெல்லம் வேண்டுமே என்று ஒரு துண்டைக் கன்னத்தில் அதக்கியும் இருந்தாய். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

நான்காவது ஆள் முடிந்ததும் டாக்டர் சிகரெட் பிடிக்க வெளியே போனார். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அந்தக் கடைசித் தாளைப் புரட்டினேன். கார்டிங் பகுதியில் மூச்சு குறைவாக இருப்பது தெரியவந்தால், தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறிகள் வைக்கவேண்டும், நெஞ்சு வைத்தியம் தெரிந்த டாக்டர் வாரம் ஒருமுறை மில்லுக்கே வரவேண்டும், யாரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது. தெளிவான பிரெஞ்சு. எனக்கு நன்றாகப் புரிந்தது.

தலை நிமிர்ந்தேன். ஐந்தாவது ஆளாக நீ வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிக் காட்டினாய். டாக்டர் திரும்ப வந்து உட்கார்ந்தார்.

ஐந்தாவது பெயரைக் கூப்பிட்டேன்.

உண்மை தெரிந்தால் நம் இருவர் வேலையும் போய்விடும் என்று பயந்தேன் என்பது பிற்பாடு நானே ஜோடித்துக்கொண்ட காரணம். உனக்கு மட்டும் நிஜத்தைச் சொல்கிறேன். வேடிக்கை பாதியில் இருந்தது. அதை முடித்துப் பார்க்க எனக்கு ஆசை.

ஏழாவது ஊதலுக்குப் பிறகு நீ சுவரைப் பிடித்துக்கொண்டாய். தலை சுற்றுகிறது என்று ஜாடை காட்டினாய். டாக்டர் என் தாளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூசியிலும் இப்படிப்பட்ட நெஞ்சா என்று வியந்து எழுதிக்கொண்டார். புதன்கிழமை துணி மடிக்கும் பகுதியில், காணாமல் போனதற்குப் பதிலாக மாட்டிய வேறு கட்டையில், உன் சொந்தப் பெயருக்கு ஊதினாய், குறைக்காமல், முழு மூச்சாக. உன் முகத்தையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. குளித்துவிட்டு வந்திருந்தாய்.

அறிக்கை போயிற்று. கார்டிங் பகுதிக்கு விசிறி தேவையில்லை என்று பதில் வந்தது. அடுத்த கோடைக்குள் ஏழுமலையின் விருந்தாளி வாரம் முழுக்கத் தங்கிவிட்டான். சாவு ஊர்வலத்தில் நீ ஊதினாய். மறுவாரம் அவன் இடத்துக்கு ஆள் தேடிய மேஸ்திரி, நான் என் அழகான கையெழுத்தில் எழுதிய அந்தப் பட்டியலை எடுத்து மேலிருந்து படித்தானாம். மில்லிலேயே பலமான நெஞ்சு யாருடையது என்று அதில் இருந்தது.

"முசியே, எனக்கு பிரமோஷனு! கார்டிங்கு!" என்று நீயே வந்து சொன்னாய். நான் அதற்கும் ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று நினைவில்லை. இருவரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு நான் திங்கட்கிழமைகளில் உன் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டேன். ஆனால் மாதா கோயில் தேருக்கு வராமல் இருக்க முடியவில்லை. தேர் முனை திரும்பும்போது நீ எப்போதும் ஒரு நீண்ட ஊதல் ஊதுவாய். தேர் முழுசாகத் திரும்பி முடியும்வரை அது நிற்கும். மூன்றாம் வருஷம் தேர் பாதி திரும்பியிருக்கும்போதே நின்றுவிட்டது. ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ குழலை உன் மகன் சவரி கையில் கொடுத்துவிட்டு, குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வது போலப் பாவனை செய்தாய். வெகுநேரம் சரிசெய்தாய்.

கடைசியாக உன்னைப் பார்த்தபோது ஜன்னலோரம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாய். உன் சம்சாரம் லூர்து கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, "பேச்சு குடுக்காதீங்கண்ணா, மூச்சு வாங்குது" என்றாள். அவள் உள்ளே போனதும் நீ பேச ஆரம்பித்தாய், ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு.

"டீக்கடையில நீ சொன்னப்பவே தெரியும் முசியே. நீ கதை உடறன்னு."

"அப்பறம் ஏன்டா ஊதுன?"

"ஏழுமல எங்க ஊட்டுக்கு வந்து அழுதுட்டான். அழுவறவன்கிட்ட அது வெளையாட்டுன்னு யாரு சொல்றது?" பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "நீ சொல்லியிருக்கணும்."

கடைசித் தாளைப் பற்றி அப்போதாவது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். கஞ்சி ஆறுகிறது, குடி என்றேன்.

இன்று கோட்டைக் கொடியில் போட்டுவிட்டு நேராக அதே டீக்கடைக்குப் போனேன். கார்டிங்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். யாரும் கேட்காமலே பேசினேன். ஊதும் மிஷினால் எவன் வேலையும் போகாது, அன்று நான் சொன்னது வெறும் புளுகு, நிஜமான மூச்சைக் காட்டினால்தான் விசிறி வரும், டாக்டர் வருவார் என்றேன். என் வாழ்நாளில் நான் ஜோக் கலக்காமல் பேசிய முதல் பேச்சு.

விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"முசியே சொல்றாருன்னா இதுல என்னாமோ இருக்குதுடா!" என்றான் ஒருத்தன். "சீட்டக் கிழிக்கறது நிச்சயம்னு ஆயிட்டுது போல" என்றான் இன்னொருத்தன். நான் மேஜையைத் தட்டினேன். இன்னும் சிரித்தார்கள். ஏழுமலையின் தம்பி கன்னியப்பன் மட்டும் சிரிக்காமல் கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் இப்போது கார்டிங்கில்தான் நிற்கிறான்.

மத்தியானம் சவரி வந்தான். உன் தோள், உன் கழுத்து. நீ இருந்த துணி மடிக்கும் பகுதியில்தான் அவனுக்கும் வேலை. பாண்டு செட்டில் பெரிய குழல் இப்போது அவனுடையது.

"மாமா, அப்பா அன்னிக்கி எப்படி ஊதுனாருன்னு நீங்கதான் கிட்ட இருந்து பாத்தீங்களாம். ஏழு பேருக்கும் வேற வேறயா காட்டறதுக்கு மூச்ச எங்க புடிக்கணும்?"

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜோக்கை, கடைசித் தாளை, ஐந்தாவது பெயரை. உன்னிடம் சொல்லாததை உன் மகனிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டான். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நம்பினான் என்றுதான் நினைக்கிறேன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"சரி மாமா. ஆனா கன்னியப்பண்ணன் ஊட்டுக்கு வந்து அழுதுட்டாரு. அவுருக்கு இப்பவே வியாழக்கெழம வரைக்கும் தங்குதாம். அழுவறவருகிட்ட என்னா சொல்றது?"

கும்பிட்டுவிட்டுப் போனான். உன்னைப் போலவே வாசற்படியில் தலை குனிந்து போனான், இடித்துக்கொள்ளாமல்.

பெயர் கூப்பிடுகிறவன் திங்கட்கிழமையும் நான்தான். அதற்கு முன்னால் இந்த மரக்கட்டையை மெட்ராஸ் டாக்டரின் மேஜைமேல் வைத்து, பழைய தாள்களில் எந்த ஏழு வரி பொய் என்று விரலால் தொட்டுக் காட்டப்போகிறேன். அப்புறம் பெயர் கூப்பிடுவேன். இந்தமுறை முகத்தைப் பார்ப்பேன். கன்னியப்பன் பெயருக்குக் கன்னியப்பன்தான் வரவேண்டும், எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன். வாசலில் சவரி பஞ்சை அப்பிக்கொண்டு நின்றால், உன் மகனை எல்லார் முன்னாலும் அவன் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே அனுப்புவேன். அவன் என்னை அதற்கப்புறம் மாமா என்று கூப்பிடமாட்டான். அந்த டீக்கடையில் எனக்கு டீ கிடைக்காது. வேலையும் இருக்காது. டாக்டர் நம்புவாரா என்பதும் தெரியாது. நம்பினாலும், விசிறி வருவதற்குள் கன்னியப்பனுக்கு எத்தனை திங்கட்கிழமை மிச்சம் என்று தெரியாது.

இதை எழுதும்போது கடல்காற்று எழுந்துவிட்டது. ஜன்னல் வழியே பார்க்கிறேன், கொடியில் என் கோட்டு தொங்குகிறது. காற்று உள்ளே புகுந்து அதன் மார்பு உப்புகிறது, அடங்குகிறது, மறுபடி உப்புகிறது. இடது பை மட்டும் அசையவில்லை. கட்டையைத் திரும்ப அதிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.