ஏணை கட்டப்போகும் கைமரம்

இஞ்சாருங்கோ,

மகளின் புது வீட்டுக் கூரை மரங்களுக்கு இன்று காலை மருமகன் கறையான் எண்ணெய் பூசினார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் முற்றத்துக்கு இறங்கிவிட்டேன். சண்டை முடிந்து மீளக் குடியேறி வந்து நாங்கள் வீடு கட்டியபோது, கூரை போட்ட வாரம் முழுக்க உங்கள் சட்டையில் இதே மணம்தான்.

துணுக்காயில் யார் வீடு கட்டினாலும் கூரைக்காரரைப் பிடிக்க முதல் உங்களைத்தானே கேட்பார்கள். அந்த ஆள் முன்பு ஓடு போட்ட வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போய், தண்ணீர் கேட்கிற சாட்டில் அடுப்பெரியும் குசினிக்குள் அனுப்புவீர்கள். "வீட்டுக்காரர் மரியாதைக்கு நல்ல வேலையெண்டுதான் சொல்லுவினம். நீ சுவரைப் பார், தண்ணி வடிஞ்ச கோடு இருக்கோ எண்டு" என்பீர்கள்.

எங்கள் கூரைக்கு மட்டும் அப்படிப் போகவில்லை. வந்தவர் உங்கள் சித்தப்பாவின் மகன். நான் வாய் திறந்ததற்கு, "உனக்கென்ன விசரே? சொந்தக்காரன்ர வேலையைப் போய்ச் சோதிக்கிறதோ? பிறகு நல்லது கெட்டதுக்கு முகம் பாக்கிறேல்லையோ?" என்று பாய்ந்தீர்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

முதல் மாரிக்கே முகட்டால் ஒழுகியது. ஓடுகளைத் திருப்பிவைக்க ஏறினீர்கள். ஓட்டைத் தாங்குகிற சிலாகை உளுத்தது தெரியாமல் எண்ணெய் பூசி ஏற்றியிருந்தார் உங்கள் தம்பி. உங்கள் கால் பட்டதும் முறிந்தது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தீர்கள். உங்கள் செத்தவீட்டுக்கு முதல் ஆளாக வந்து பந்தல் போட்டவரும் அவர்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. மழையில் வழுக்கி விழுந்தீர்கள் என்றே பத்து வயது மகளுக்கும் சொன்னேன்.

போன கிழமை அவரே வந்தார். "மச்சாள், பிள்ளையின்ர வீட்டுக்கு நான்தான் ஓடு போடுவன். அண்ணைக்குச் செய்யிற கடமை" என்றார். மகளுக்குச் சரியான சந்தோசம். அவளுக்கு இப்போது எட்டு மாதம். அவர் ஏற்றப்போகும் கூரைக் கைமரத்தில்தான் உங்கள் பேரப்பிள்ளையைத் தூங்கவைக்க ஏணை கட்டப்போகிறார்கள். அன்று தொடக்கம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம், வெறும் பயம்.

நேற்று ஒருத்தருக்கும் சொல்லாமல் கனகராயன்குளத்துக்குப் போனேன். போன வருடம் அவர் ஓடு போட்ட வீடு அங்கே இருக்கிறது. தண்ணீர் கேட்டுக்கொண்டு குசினிக்குள் நுழைந்தேன். சுவரில் மேலிருந்து கீழ்வரை கறுத்த கோடுகள். மூலையில் ஒரு பேசின், அரைவாசிக்குத் தண்ணீர்.

"கூரை எப்பிடி, தங்கச்சி?" என்று அந்த வீட்டுப் பிள்ளையைக் கேட்டேன்.

"ஓடு போட்டவர் உங்களுக்குச் சொந்தமோ?"

"ஓம்."

"அப்ப நல்ல வேலைதான், அக்கா" என்று சொல்லிக்கொண்டே பேசினைக் காலால் மெல்லத் தள்ளி மறைத்தாள். நீங்கள் சொன்ன அந்த மரியாதை நினைவு வந்து எனக்குச் சிரிப்பு வந்தது.

இன்று பின்னேரம் வேலை தொடங்க நாள் பார்த்துக்கொண்டு அவர் வந்தார். வாசல் படலையிலேயே மறித்தேன்.

"தம்பி, வேற ஆளைப் பிடிக்கப்போறம். குறை நினைக்காதேங்கோ."

அவர் முகம் கறுத்துப்போனது. "அப்ப, அண்ணை விழுந்தது என்ர வேலையாலயெண்டோ சொல்லுறியள்?"

மகள் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. அவளுக்கு முன்னால் இதை எப்படிச் சொல்வது?

"ஓம்" என்றேன்.

அவர் திரும்பிப் போய்விட்டார். மகள் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. சொந்தத்தில் பாதிப்பேர் இனி எங்கள் வாசல் மிதிக்கமாட்டார்கள். பயம் என்னை விட்டுப் போகவே இல்லை; பயந்து பயந்துதான் அந்தச் சொல்லைச் சொன்னேன். நீங்கள் என்மேல் பாய்ந்த அன்றைக்கு உங்களிடமும் இப்படிப் பயந்துகொண்டே சொல்லியிருக்கலாம்.