ஷிப்ட் பஸ்

14 ஜூன் 1981

என் அருமைக் குட்டிக்கு,

ஹாஸ்டல் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். நர்ஸுக்குப் படிக்கிறவள் இப்படி மெலிந்துபோனால் நோயாளி யார், நர்ஸ் யார் என்று டாக்டருக்கே குழம்பிவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது சாப்பிடு.

இங்கே இரும்பு ஆலையில் மூன்றாவது உலையையும் பற்றவைத்துவிட்டார்கள். ஊருக்கே கல்யாணக் களை. ரயிலில் ஆட்கள் வந்து இறங்கியபடியே இருக்கிறார்கள். நம் தெருவில் காலி வீடு என்ற பேச்சே இல்லை. மாடிப்படிக்குக் கீழேகூட ஒரு வெல்டரும் அவர் மனைவியும் குடித்தனம் பண்ணுகிறார்கள். துணி காயப்போட்டால் ஆலையின் சிவப்புத் தூசி படிகிறது. உன் அண்ணனிடம் புலம்பினால், "அது தூசி இல்லடி, நம்ம சோறு" என்கிறார். சரி, தினமும் சோற்றைத் துவைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சேதி. என்னைக் கிரேன் ஓட்ட எடுத்துவிட்டார்கள். கூரைக்குக் கீழே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு கொதிக்கிற இரும்புத் தொட்டியை நகர்த்துகிறேன். கீழே நின்று உன் அண்ணன் கை காட்டினால்தான் நான் நகர்த்த வேண்டும். வீட்டிலும் அதே சட்டம் என்று நினைத்துக்கொண்டார் போல. இரண்டே நாளில் தெளிந்துவிட்டது.

லீவு விட்டதும் வந்து சேர். கட்டில் உனக்குத்தான்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அண்ணி

3 அக்டோபர் 1992

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

ஆலையை மூடிவிட்டார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். நீங்கள் ஒரு வரி எழுதக் கூடாதா? ஒரு உலை அணைந்தபோதும் சொல்லவில்லை, இரண்டாவது அணைந்தபோதும் சொல்லவில்லை. நான் கடல் தாண்டி வாழ்க்கைப்பட்டு வந்துவிட்டேன் என்பதற்காக அந்நியமாகிவிட்டேனா?

இங்கே ஒரு அறை சும்மா கிடக்கிறது. "உங்க அண்ணனையும் அண்ணியையும் கூப்பிட்டுக்கோ. இதுக்கு என்கிட்ட கேக்கணுமா?" என்று இவர் கோபித்துக்கொள்கிறார். என் மகளுக்கு மாமாவும் அத்தையும் போட்டோவில்தான் இருக்கிறார்கள். இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள்.

உங்கள் குட்டி

25 அக்டோபர் 1992

குட்டி,

உன் அண்ணன் வருகிறார். நான் வரவில்லை.

மறைப்பானேன்? சண்டைதான். போன வருஷம் இரண்டாவது உலை அணைந்ததுமே டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பெண்களுக்குப் பக்கத்து ஊர் பிஸ்கட் கம்பெனியில் வேலை கிடைக்கிறது, ஆனால் போக வண்டி இல்லை. ஆலையின் பழைய ஷிப்ட் பஸ் ஒன்றைச் சங்கம் எடுத்து வைத்திருக்கிறது. அதை ஓட்டியவர் ஊரைவிட்டே போய்விட்டார். நான் ஓட்டுகிறேன் என்றேன். "மேல தொங்குறது வேற, ரோட்டுல போறது வேற" என்றார் உன் அண்ணன். பழகி, லைசென்ஸும் வாங்கிவிட்டேன்.

தினமும் காலையில் நான் சாவியை எடுக்கும்போது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். உன் கடிதம் வந்த அன்று, "ஊருக்குச் சங்கு ஊதியாச்சு. நீ பொணத்துக்குக் காவல் இருக்கப் போறியா?" என்று கேட்டார். "உயிர் இருக்கான்னு பாத்துட்டு வர்றேன், நீங்க முன்னாடி போங்க" என்றேன். கோபத்தில் வந்த வார்த்தைதான். அவர் பெட்டியை எடுத்துவிட்டார்.

ஒரு மாதம் இருந்துவிட்டு வருவார். அவருக்குச் சூடு குறைந்தால் சாப்பாடு இறங்காது. பார்த்துக்கொள்.

அண்ணி

9 பிப்ரவரி 1995

அண்ணிக்கு,

ஒரு மாதம் இரண்டு வருஷத்தைத் தாண்டிவிட்டது. அண்ணன் எங்கள் ஆஸ்பத்திரி கேட்டில் காவலுக்கு நிற்கிறார். உலைக்கு முன்னால் நின்ற மனிதர், கார்களுக்குக் கதவு திறந்துவிடுகிறார். குறை சொல்வதில்லை. பேசினால்தானே குறை சொல்வதற்கு! தெருவில் பஸ் போகிற சத்தம் கேட்டால் மட்டும் நிமிர்ந்து பார்க்கிறார்.

நீங்கள் அவருக்கு எழுதுவதில்லை, அவரும் உங்களுக்கு எழுதுவதில்லை. நடுவில் நான் மத்தளம். வயதில் சின்னவள் கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். மனுஷன் பெரிசா, பஸ் பெரிசா?

குட்டி

2 மார்ச் 1995

என் குட்டிக்கு,

கோபமில்லை. கேட்க உனக்கு இல்லாத உரிமையா?

மனுஷன்தான் பெரிசு. போன மாதம் எனக்குக் காய்ச்சல். ஒரு வாரம் பஸ் நின்றுவிட்டது. வெல்டர் மனைவி பிஸ்கட் கம்பெனிக்குப் பக்கத்திலேயே குடிபோகிறேன் என்று பாத்திரம் பண்டம் எல்லாம் மூட்டை கட்டிவிட்டாள். அவள் போனால் எதிர்வீடும் போகும், எதிர்வீடு போனால் மளிகைக் கடையும் பூட்டிக்கொள்ளும். காய்ச்சலோடு எழுந்துபோய் அவள் வாசலில் ஹாரன் அடித்தேன். "அக்கா, வந்துட்டீங்களா?" என்று கேட்டபடியே மூட்டையை அவிழ்த்தாள். மூட்டை அவிழ்ந்து பாத்திரம் வெளியே வருகிற அந்தச் சத்தத்துக்காகத்தான் ஓட்டுகிறேன். வேறு பெரிய லட்சியம் எதுவும் இல்லை.

நான் கூப்பிட்டால் உன் அண்ணன் வருவார். ஆனால் பஸ்காரி புருஷனாக வந்து இறங்குவது அவருக்குத் தொண்டையில் முள்ளாகவே நிற்கும். அவராக வர வேண்டும். வராவிட்டால், உன் கையால் சாப்பிடுகிறார் என்ற நிம்மதி எனக்கு இருக்கிறது. முகம் சுளிக்காமல் வைத்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளைக்கு என் நன்றியைச் சொல். நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றி அது.

அண்ணி

17 ஆகஸ்ட் 1999

குட்டி,

நல்ல சேதி என்று சொல்லலாமா என்று யோசித்து யோசித்து எழுதுகிறேன். ரயில் பெட்டி பழுதுபார்க்கிற ஒரு கம்பெனி, உன் அண்ணன் வேலை செய்த ஷெட்டை எடுத்திருக்கிறது. பார்க்க வந்தவர்களின் கார் வழியில் நின்றுவிட்டதால் என் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். ஷிப்ட் முடிந்த கூட்டம், நிற்க இடமில்லை.

"இவங்க எல்லாரும் இந்த ஊருதானா? ஊரே காலின்னு சொன்னாங்களே!" என்றார் அவர்களில் ஒருவர்.

வெல்டர் மனைவி விடுவாளா? "காலின்னா நீங்க உக்காந்துகிட்டு வரலாமே" என்றாள்.

அதனால்தான் எடுத்தார்கள் என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். ஷெட் மலிவாகக் கிடைத்தது, தண்டவாளம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அடுத்த வாரமே ஆள் எடுக்க வந்துவிட்டார்கள். உலை இனி எரியாது, அது முடிந்த கதை. இந்தக் கம்பெனி நிலைக்குமா என்பதும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மூடிக்கிடந்த ஒன்றாம் வகுப்பைத் திறந்து பெருக்குகிறார்கள். அதை மட்டும் என் கண்ணால் பார்த்தேன்.

உன் அண்ணனிடம் சொல்லாதே. ஆசை காட்டிக் கூப்பிடுகிறேன் என்று நினைப்பார்.

அண்ணி

11 செப்டம்பர் 1999

அன்பு அண்ணிக்கு,

சொல்லாதே என்றீர்கள், சொல்லவில்லை. கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனேன். அவ்வளவுதான் நான் செய்த பாவம்.

இன்று காலை அண்ணன் வேலையை விட்டுவிட்டார். "கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றேன்" என்று என் மகள் தலையைத் தடவினார். கையில் பெட்டி! எங்கே என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்து இவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

ஒன்று எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்திருந்தேன். நான் லீவுக்கு வரும்போதெல்லாம் உங்களுக்கு நைட் ஷிப்ட் விழும். ராத்திரி கட்டில் முழுக்க எனக்கு. தற்செயல் என்றே நம்பினேன். நானே நைட் டியூட்டி பார்க்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது, அது தானாக விழுவதில்லை, கேட்டு வாங்கியிருக்கிறீர்கள் என்று. அண்ணனை நான் வைத்துக்கொண்டதற்கு நீங்கள் நன்றி சொன்னால் எனக்கு வெட்கமாக இருக்கிறது அண்ணி.

போய்ச் சேர்ந்தாரா என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் கட்டிலில் தூங்கி வளர்ந்த
குட்டி

19 செப்டம்பர் 1999

என் கண்ணு குட்டிக்கு,

வந்து சேர்ந்தார்.

சாயங்கால ட்ரிப். ஊர் எல்லையில் இருக்கிற கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கடைசி சீட்டில் மட்டும் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் போல என்று, "அய்யா, கடைசி ஸ்டாப்பு, இறங்குங்க" என்று திரும்பாமலே சத்தம் போட்டேன்.

"இறங்கலாமான்னு கேக்கத்தான் உக்காந்திருக்கேன்" என்று குரல் வந்தது.

திரும்பிப் பார்த்தேன், உன் அண்ணன்தான் குட்டி. ஏழு வருஷமாக என்னென்னவோ கேட்க வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்ததெல்லாம், "டிக்கெட் வாங்கினீங்களா?" என்பதுதான். வாங்கியிருந்தார். எடுத்துக் காட்டினார். முடியெல்லாம் நரைத்துவிட்டது. இறங்கி பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "நல்லாத்தான் வச்சிருக்க" என்றார். அவர் வாயிலிருந்து அது வர வேண்டுமென்றால் எவ்வளவு தூரம் போய் வர வேண்டியிருந்தது!

நாளைக்கு ஷெட்டில் போய் வேலை கேட்கிறாராம். வயதாகிவிட்டது என்று சொன்னாலும் சொல்வார்கள். சொன்னால் சொல்லட்டும், தெருவில் பூட்டிக்கிடக்கும் வீடுகளுக்குக் கதவு ஜன்னல் சரிசெய்ய ஆள் தேடுகிறார்கள்.

அவரை மனிதராகவே வைத்திருந்து மனிதராகவே திருப்பி அனுப்பியிருக்கிறாய். கட்டில் கணக்கெல்லாம் நமக்குள் வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும்.

இதை எழுதும்போது பக்கத்தில் நின்றுகொண்டு, "என்ன, என்னப் பத்திக் குத்தம் எழுதுறியா?" என்கிறார். எழுதலாம் என்றுதான் தேடிப் பார்த்தேன் குட்டி. இன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

மனம் நிறைந்து,
அண்ணி